கண்புரை ஆபரேஷன்: நேற்று தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லையா? உடனே கிளம்புங்கள்!

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் இரண்டு நாள்களில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "டிவியில கீழ ஓடுற எழுத்துகூட தெரியுதுப்பா", "எதிர்வீட்டு கேட்டு என்ன கலர்னு இப்பதான் தெரியுது" என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, வீட்டில் இருப்பவர்களுக்கும் நிம்மதி. அக்கம்பக்கத்தினர் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சொட்டு மருந்து போடும் வேலை பேரப்பிள்ளைகளிடம் வந்துசேரும். லீவு போட்டுவிட்டு வந்த மகனோ மகளோ வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

சிக்கல் வருவதாக இருந்தால், பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். நான்காம் நாளோ, ஆறாம் நாளோ, "கொஞ்சம் மங்கலா இருக்கு, சரியாயிடும்" என்று ஒரு வார்த்தை வரும். மறுபரிசோதனைக்கு இன்னும் மூன்று நாள்தானே, அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். மிக அரிதாக வரும் ஒரு தொற்று, பார்வையைப் பறித்துக்கொண்டு போவது இப்படிப்பட்ட மூன்று நாள் தாமதத்தில்தான்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

'மெட்ராஸ் ஐ' என்று நாம் சொல்வது கண்ணின் மேற்பரப்பில் வரும் தொற்று. சில நாள் உறுத்தும், பீளை தள்ளும், பெரும்பாலும் தானாகவே போய்விடும். கண்புரை சிகிச்சைக்குப் பிறகு வரும் இந்தத் தொற்று அப்படிப்பட்டதில்லை. இது விழிக்கோளத்தின் உள்ளே வருவது. மருத்துவத்தில் இதை 'எண்டோஃப்தால்மைட்டிஸ்' என்கிறார்கள்.

புரை விழுந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸைப் பொருத்த, கண்ணில் சில மில்லிமீட்டர் அளவுக்குச் சிறிய திறப்பு போடுவார்கள். பெரும்பாலும் தையல்கூடத் தேவைப்படாது. ஆனால், பாக்டீரியாவுக்கு அந்தத் திறப்பு தாராளமான வாசல். விழிக்கோளத்தின் பின்பகுதியில் 'விட்ரியஸ்' என்ற ஜெல்லி நிரம்பியிருக்கிறது. அதில் ரத்தக் குழாய்கள் கிடையாது. உடம்பில் வேறு இடத்தில் புண் ஏற்பட்டால் ரத்தத்தின் வழியாக வெள்ளை அணுக்கள் வேகமாக வந்து சண்டை போடும். இங்கே அந்தப் படை வந்துசேரத் தாமதமாகும். அதற்குள் கிருமி பெருகிவிடும். அது விடும் நச்சும், அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் வீக்கமும் சேர்ந்து விழித்திரையைச் சிதைக்கும். விழித்திரை ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராது.

எல்லாக் கிருமியும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் வகை கொஞ்சம் மெதுவானது. 'சூடோமோனாஸ்' என்ற பாக்டீரியா புகுந்துவிட்டால், ஓரிரு நாள்களிலேயே கண் கைவிட்டுப் போகலாம். எது புகுந்திருக்கிறது என்று வீட்டில் இருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை என்கிறார்கள் கண் மருத்துவர்கள்.

பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டுமா?

வேண்டாம். இந்தத் தொற்று எவ்வளவு அரிது என்பதற்கு மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளின் ஆய்வே சான்று. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவை சிகிச்சைகளை ஆராய்ந்து, 2017-ல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சையின் முடிவில் 'மாக்ஸிஃபுளோக்ஸசின்' என்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே சிறிதளவு செலுத்துவதால் பலன் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த மருந்து செலுத்தப்படாதவர்களில் 10,000 பேரில் சுமார் 7 பேருக்குத் தொற்று வந்திருந்தது. செலுத்தப்பட்டவர்களில் அது சுமார் 2 பேராகக் குறைந்தது. உலகம் முழுக்கக் கண் மருத்துவர்கள் எடுத்துப் பேசும் ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

புரையை முற்ற விட்டால் அறுவை சிகிச்சை கடினமாகும். பார்வை மங்கிய முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே ஆபரேஷன் தேவை என்று மருத்துவர் சொன்னால் செய்துகொள்வதே நல்லது. அதற்குப் பிந்தைய நாள்களில் எதைக் கவனிக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வலியை நம்பாதீர்கள்

"வலி இல்லையே, அப்புறம் என்ன?" என்பதுதான் பலரும் ஏமாறும் இடம். அமெரிக்காவில் இந்தத் தொற்று வந்த 420 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவுகள் 1995-ல் வெளியாகின. அதில் சுமார் 94 சதவிகிதம் பேருக்குப் பார்வை மங்கியிருந்தது. 82 சதவிகிதம் பேருக்குக் கண் சிவந்திருந்தது. வலி இருந்ததோ 74 சதவிகிதம் பேருக்கு மட்டுமே. அதாவது, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வலியே இல்லை. இமை வீக்கம் மூன்றில் ஒருவருக்குத்தான் இருந்தது.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது பார்வை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு லேசான உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சத்தில் கூச்சம், கொஞ்சம் சிவப்பு எல்லாம் இயல்பே. ஆனால் அவை நாளுக்கு நாள் குறைய வேண்டும். பார்வை நாளுக்கு நாள் தெளிய வேண்டும். முதல் இரண்டு நாள் நன்றாகத் தெரிந்துவிட்டு, பிறகு மங்கினால் அது ஆபத்தின் அறிகுறி.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்:

• நேற்றைவிட இன்று பார்வை மங்கலாக இருப்பது
• குறைந்துவந்த சிவப்பு மறுபடி அதிகமாவது
• கண்ணுக்குள் குத்தல், தொடர்ந்த வலி, அந்தப் பக்கத் தலைவலி
• இமை வீங்கிக் கண்ணைத் திறக்க முடியாமல் போவது
• பீளை, சீழ் வடிவது
• கண்முன் புகைமூட்டம்போல் தெரிவது, கரும்புள்ளிகள் புதிதாக மிதப்பது
• கருவிழிப் பகுதியின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருப்பது (உள்ளே தேங்கிய சீழாக இருக்கலாம்)

இவை எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒன்று இருந்தாலே போதும்.

பெரும்பாலானவர்களுக்கு இது முதல் வாரத்துக்குள் வந்துவிடும். ஆனால் ஆறு வாரம் வரைக்கும் கவனம் தேவை. சில மெதுவான கிருமிகள் மாதக்கணக்கில் கழித்தும் தலைகாட்டும். ஆபரேஷன் ஆன ஓரிரு நாளுக்குள், தொற்று இல்லாமலேயே, உள்ளே பட்ட ஏதாவது ரசாயனத்தால் கண் வீங்குவதும் உண்டு. அது வேறு, இது வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டியது மருத்துவர். மாதங்கள், வருடங்கள் கழித்து மெல்ல மெல்ல மங்குவது பெரும்பாலும் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு தடிப்பதால் வருவது. லேசர் மூலம் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்துவிடலாம்.

தினசரி காலண்டர் சோதனை

பார்வை குறைந்தால் தெரியாமலா போகும் என்று தோன்றலாம். தெரியாமல் போகும். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது, ஒரு கண் மங்கினாலும் இன்னொரு கண் அந்தக் குறையை மூடிவிடும். வீட்டுக்குள் நடக்க, சாப்பிட, டிவி பார்க்க ஒரு கண்ணே போதும். கண்ணைத் துடைக்கும்போது தற்செயலாக நல்ல கண் மூடிக்கொண்டால்தான், "ஐயோ, இந்தக் கண்ணு தெரியலையே" என்று தெரியவரும். அதற்குள் இரண்டு நாள் போயிருக்கலாம்.

இதற்கு ஓர் எளிய வழி, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். தினமும் காலையில் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், எட்டு அல்லது பத்தடி தள்ளி உட்காரவையுங்கள். ஆபரேஷன் செய்யாத கண்ணை உள்ளங்கையால் லேசாக மறைக்கச் சொல்லுங்கள். அழுத்தக் கூடாது. தேதி எண் தெரிகிறதா? அதற்கு மேலே மாதத்தின் பெயர் தெரிகிறதா? கிழமை தெரிகிறதா? எது வரை படிக்க முடிந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் எண்ணோ, காலண்டரில் இருக்கும் சாமி படமோ போதும்.

முதல் நாள் என்ன தெரிந்தது என்பது முக்கியமில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும். நேற்று படித்த வரியை இன்று படிக்க முடிகிறதா என்பதுதான் கணக்கு. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலில்கூட இந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம். "கண்ணு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்குப்பா" என்றுதான் பதில் வரும். "ஒரு கண்ணை மூடிக்கிட்டு காலண்டர்ல என்ன தேதின்னு சொல்லும்மா" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

மருத்துவமனையில் என்ன செய்வார்கள்?

முதலில், ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே போன் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமையோ பண்டிகை நாளோ, அவசரம் என்று சொல்லுங்கள். அங்கே எடுக்கவில்லை என்றால் காத்திருக்காமல், அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ, விழித்திரை நிபுணர் இருக்கும் கண் மருத்துவமனைக்கோ கிளம்பிவிடுங்கள். சென்னையில் என்றால், 1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டு, போட்டுவரும் சொட்டு மருந்துகள், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளின் விவரம் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

மருத்துவர் கருவி மூலம் கண்ணை உற்றுப் பார்ப்பார். உள்ளே தெரியாத அளவுக்குக் கலங்கியிருந்தால் கண்ணுக்கான ஸ்கேன் எடுப்பார். கண்ணுக்குள் இருந்து ஊசியால் துளி திரவம் எடுத்து, என்ன கிருமி என்று பரிசோதனைக்கு அனுப்புவார். அதன் முடிவு வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்பதால், அப்போதே கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போடுவார்கள். வான்கோமைசின், செஃப்டாஸிடிம் என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்துச் செலுத்துவது வழக்கம். ஒன்று ஒரு வகைக் கிருமிகளையும், மற்றொன்று இன்னொரு வகைக் கிருமிகளையும் பார்த்துக்கொள்ளும்.

'கண்ணுக்குள் ஊசியா' என்று பயந்து, மாத்திரை கேட்பவர்கள் உண்டு. வாய்வழி சாப்பிடும் மருந்து ரத்தத்தில் கலந்தாலும், விழிக்கோளத்தின் உள்ளே தேவையான அளவுக்குப் போய்ச் சேர்வது கடினம். மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் ஊசி போடுவார்கள். தொற்று முற்றியிருந்தால், சீழ் படிந்த விட்ரியஸ் ஜெல்லியை வெளியேற்றும் 'விட்ரெக்டமி' அறுவை சிகிச்சை தேவைப்படும். வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்ற நிலையில் வருபவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சை அதிகப் பலன் தருகிறது என்பது அந்த 1995 ஆய்வின் முக்கியமான முடிவு.

சிகிச்சை பெற்றால் பார்வை திரும்புமா? அதே ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் நல்ல தெளிவான பார்வையைத் திரும்பப் பெற்றார்கள். எந்தக் கிருமி, எந்த நிலையில் வந்தார்கள் என்பதைப் பொறுத்து இது மாறும். கிருமி நம் கையில் இல்லை. எப்போது கிளம்புகிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

கிருமி எங்கிருந்து வருகிறது?

தனித்தனியாக வரும் தொற்றுகளில் பெரும்பாலும் நோயாளியின் இமை, இமைமுடி, கண்ணின் மேற்பரப்பில் ஏற்கெனவே இருக்கும் கிருமிகள்தான் உள்ளே போகின்றன. அதனால்தான் அறுவை சிகிச்சைக்குச் சற்று முன்பு, பழுப்பு நிறத்தில் 'போவிடோன் அயோடின்' திரவத்தைக் கண்ணில் விடுகிறார்கள். கொஞ்சம் எரியும். ஆனால் தொற்றைத் தடுப்பதில் மிக முக்கியமான படி அது.

ஆபரேஷனுக்கு முன் கண்ணீர்ப் பாதையில் அடைப்பு இருக்கிறதா என்று ஊசி மூலம் தண்ணீர் விட்டுப் பார்ப்பதும் இதற்காகவே. அங்கே சீழ் கட்டியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இமை ஓரத்தில் செதில், கட்டி இருந்தாலும் அப்படியே. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குத் தொற்றும் ஆபத்து அதிகம். "சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்" என்று ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைத்தால், அது நோயாளியின் நன்மைக்கே.

ஒரே நாளில் பலருக்கு வந்தால்?

ஒருவருக்கு வருவது துரதிர்ஷ்டமாக இருக்கலாம். ஒரே தியேட்டரில், ஒரே நாளில் ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கு வந்தால், எங்கோ தவறு நடந்திருக்கிறது என்றே பொருள். தமிழ்நாடு இதை மறக்க முடியாது. 2008-ல், அன்றைய விழுப்புரம் மாவட்டக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் இலவச முகாம் வழியாகக் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டனர். அவர்களில் 66 பேருக்கு ஒரு கண்ணின் பார்வை பறிபோனது. வழக்கு சி.பி.ஐ. விசாரணை வரைக்கும் போனது. பிறகு பஞ்சாப்பின் குர்தாஸ்பூரில் 2014-லும், மத்தியப் பிரதேசத்தின் பர்வானியில் 2015-லும், இந்தூரில் 2019-லும் இதே துயரம் நடந்தது. 2021 நவம்பரில் பீகாரின் முசாஃபர்பூரில் ஒரே நாளில் 65 பேருக்கு ஆபரேஷன் நடந்தது. தொற்று பரவி, பத்துக்கும் மேற்பட்டவர்களின் கண்ணையே அகற்ற வேண்டிவந்தது.

இப்படிப்பட்ட சம்பவங்களில் பாதிக்கப்படுபவர்கள் பெரும்பாலும் கேள்வி கேட்கத் தயங்கும் ஏழை முதியவர்கள். காரணங்கள் பலவாக இருக்கலாம். கண்ணைக் கழுவப் பயன்படுத்தும் திரவ பாட்டிலில் கிருமி இருந்திருக்கலாம். கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் ஒழுங்காக வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் இடையில் கருவியோ, குழாயோ மாற்றப்படாமல் இருந்திருக்கலாம். ஒரே பாட்டில் பலருக்கும் பயன்படும்போது, அந்த ஒரு பாட்டிலில் இருக்கும் கிருமி அன்றைய வரிசை முழுவதற்கும் போய்ச் சேரும்.

இலவச முகாம் என்றாலே ஆபத்து என்று நினைக்கக் கூடாது. கிராமத்துப் பெரியவர்கள் லட்சக்கணக்கானோர் பார்வை பெற்றது முகாம்களால்தான். முகாமில் பரிசோதனை, நிரந்தர மருத்துவமனைத் தியேட்டரில் அறுவை சிகிச்சை என்பதே இப்போதைய நடைமுறை. பள்ளிக்கூடத்திலோ மண்டபத்திலோ ஆபரேஷன் என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது:

• அறுவை சிகிச்சை எங்கே நடக்கும்?
• கண்ணீர்ப் பாதை, சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனை செய்தாகிவிட்டதா?
• ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் செலுத்துவீர்களா?
• மறுநாள் யார் பார்ப்பார்கள்? அடுத்து எப்போது வர வேண்டும்?
• இரவில் பிரச்னை என்றால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும்?

அன்றைக்கு உடன் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் ஒருவருக்குத் தொற்று என்று கேள்விப்பட்டால், உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

• சொட்டு மருந்து போடும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டிலின் நுனி இமையிலோ விரலிலோ படக் கூடாது.
• இரண்டு விதமான சொட்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள்.
• ஒருவரின் பாட்டிலை மற்றவர் பயன்படுத்த வேண்டாம். போன வருடம் பாட்டிக்கு வாங்கியது மிச்சம் இருக்கிறதே என்று தாத்தாவுக்குப் போடவே கூடாது.
• கண் நன்றாகிவிட்டது என்று மருந்தைப் பாதியில் நிறுத்த வேண்டாம். சிவந்திருக்கிறது என்று மெடிக்கலில் கேட்டுப் புதிதாக ஒன்றைப் போடவும் வேண்டாம். ஸ்டீராய்டு கலந்த மருந்து, தொற்றின் அறிகுறிகளை மறைத்துவிடக்கூடும்.
• மருத்துவர் சொல்லும் வரை தலைக்குக் குளிக்க வேண்டாம். முகத்தை ஈரத் துணியால் கண்ணில் படாமல் துடைத்தால் போதும். எண்ணெய்க் குளியல், சீயக்காய், குளம், கிணறு எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.
• தூங்கும்போது மருத்துவமனையில் கொடுத்த பிளாஸ்டிக் மூடியைக் கட்டிக்கொள்ளுங்கள். தூக்கத்தில் கண்ணைக் கசக்குவது பலருக்கும் வழக்கம்.
• மாட்டுத்தொழுவம், வயல் வேலை, விறகடுப்புப் புகை ஆகியவற்றிலிருந்து சில வாரங்கள் விலகியிருங்கள்.
• தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு என யார் என்ன சொன்னாலும், ஆபரேஷன் செய்த கண்ணில் விட வேண்டாம்.

சொல்லத் தயங்கும் பெரியவர்கள்

தாமதத்துக்குத் தூரம், பணம், பஸ் வசதி என்று பல காரணங்கள் உண்டு. வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு காரணமும் உண்டு. "இப்பதான் ரெண்டு நாள் லீவு போட்டான், மறுபடி எப்படிக் கூப்பிடறது?" என்று அம்மா நினைப்பார். "செலவு வெச்சிட்டோம், போதும்" என்று அப்பா வாயை மூடிக்கொள்வார். மருமகளிடம் சொல்லச் சங்கடம். தனியாக இருப்பவர்களுக்கு, சொல்லவே ஆள் இல்லை.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பே பேசி வைத்துவிடுவது நல்லது. "கண்ணு மங்குச்சுன்னா ராத்திரி ரெண்டு மணின்னாலும் போன் பண்ணும்மா, நாங்க வந்துடுவோம்" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வர முடியாத தூரத்தில் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரரிடமோ, தெருமுனை ஆட்டோக்காரரிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மருத்துவமனையின் அவசர எண், அழைத்துப்போகும் ஆளின் எண், 108 என மூன்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அந்த தினசரி காலண்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஆறு வாரம் வரை அது அங்கேயே இருக்கட்டும்.